முப்பத்தெட்டு மூச்சு

கடையில் அவளுக்கு ஊமை என்று பெயர். பேச்சு வராததால் வைத்த பெயர் அல்ல. காலை பத்து மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை அவள் உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகள் இருக்கும். வாயில் ஊசியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி "ம்" என்றும் "ம்ஹூம்" என்றும்தான் பேச முடியும். இருபத்திரண்டு வருஷமாக அந்த இரண்டு சொற்களை வைத்தே அவள் வாடிக்கையாளர்களைச் சமாளித்து வந்தாள். பெரும்பாலும் அவை போதுமானவையாகவே இருந்தன.

நான்கு மாடித் துணிக்கடை அது. மூன்றாவது மாடியின் பின்பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவள் வேலை செய்தாள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, சட்டையின் இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. அறையின் மூன்று சுவர்களிலும் சீட்டு குத்திய துணிகள் தொங்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காதில் பஞ்சை வைத்ததுபோல் இருக்கும். கை தட்டினால் தட்டிய சத்தம் அங்கேயே விழுந்து கிடக்கும், திரும்பி வராது.

அந்த அமைதிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு அறிவிப்புகளைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அமைதியான இடம் தேடி மேனேஜர் மைக்கோடு அவள் அறைக்கு வந்தார். பேச வேண்டிய ஆளுக்கு ஜலதோஷம், வரவில்லை. "யாராவது படிங்கப்பா" என்று மேனேஜர் தாளை நீட்டியபோது, பில் போடும் இடத்தில் வேலை செய்யும் அவள் நாத்தனார் வேடிக்கையாகச் சொன்னாள்: "எங்க அண்ணியைப் படிக்கச் சொல்லுங்க சார். இத்தனை வருஷமா பேசாம சேர்த்து வச்சது நிறைய இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிப் பஞ்சில் குத்திவிட்டு, தாளை வாங்கிப் படித்தாள். சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து "இரண்டாவது மாடியில் ஆண்களுக்கான சட்டைகள்" என்று அந்தக் கடையின் கூரையிலிருந்து இறங்கும் குரல் அவளுடையது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், எங்க ஊமை ஊரையே மாடி ஏத்துறா என்று நாத்தனார் புது வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

இது வேடிக்கையாகவே இருந்திருக்கும், கழுத்து கெடாமல் இருந்திருந்தால்.

போன வருஷம் முதல் அவளுடைய வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஊசி கையிலிருந்து விழுந்தால் தெரியவில்லை. தரையில் பார்த்துத்தான் தெரிந்தது. டாக்டர் கழுத்தின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குனிஞ்சு குனிஞ்சு தேஞ்சிருக்கும்மா. இப்படியே இன்னும் ரெண்டு வருஷம் தைச்சீங்கன்னா, அப்புறம் கையால ஒரு டம்ளரைக்கூட நம்பிப் பிடிக்க முடியாது. நிமிர்ந்து செய்யுற வேலை ஏதாவது தெரியுமா உங்களுக்கு?"

அவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினாள். நிமிர்ந்து செய்கிற வேலை அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருந்தது. மைக் முன்னால் குனிய முடியாது.

பள்ளிப் பாடங்களையும் கதைகளையும் ஒலிப்புத்தகமாக்கும் நிலையம் ஒன்று புதிய குரல்களைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் ஒரு டெமோ அனுப்ப வேண்டும். பாடம், அறிவிப்பு, கதை என்று சில பகுதிகளை அவர்களே கொடுத்திருந்தார்கள், விரும்பியதைப் படிக்கலாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கீழே ஒரு வரி இருந்தது: வேண்டாம் என்று வைத்த குரலை ஒரு வருஷத்துக்கு மறுபடியும் கேட்பதில்லை. அவளிடம் இருந்ததே இரண்டு வருஷம். அதில் பாதியை ஒரே ஒரு தவறில் இழக்க அவள் தயாராக இல்லை.

மூன்று வாரம், கடை திறப்பதற்கு முன்னால் தினமும் ஒரு மணி நேரம், தன் அறையில் பதிவு செய்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கடையின் லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் லிஃப்டைச் சரிபார்க்க வந்தவர், கிழிந்த பாக்கெட்டோடு அவள் அறைக்கு வந்து நின்றார். அதற்கப்புறம் அந்தப் பாக்கெட் மாதம் ஒருமுறை கிழிந்தது. பெண் கேட்டு வந்தபோதுதான் கிழிவது நின்றது. இப்போது அவர் பங்குக்குப் பழைய கணினி ஒன்றைத் தேற்றிக் கொடுத்து, ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருளையும் ஏற்றித் தந்தார்.

திரையில் குரல் ஒரு நீளமான துணிப்பட்டைபோல் விரிந்து கிடந்தது. அங்கேதான் அவளுக்குக் கை பரபரத்தது. பேச்சுக்கு நடுவில் சின்னச் சின்னச் சுருக்கங்களாகத் தெரிந்தவை அவள் மூச்சு என்று கண்டுகொண்டாள். காதில் கேட்டபோது கூச்சமாக இருந்தது. யாரோ மாடி ஏறி வந்து இரைப்பதுபோல. நல்ல தையலில் இணைப்பு வெளியே தெரியக் கூடாது என்று கற்றவள் அவள். ஒவ்வொரு மூச்சாகப் பிடித்து வெட்டினாள். இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்தாள். எங்கே சேர்த்தாள் என்று அவளுக்கே தெரியாத அளவுக்குச் சேர்த்தாள். வெட்டியதை எறிய மனம் வரவில்லை. துண்டுத்துணியை மூட்டையில் போட்டு வைக்கும் பழக்கத்தில், மூச்சுகளை எல்லாம் தனியாக ஒரு கோப்பில் வரிசையாக ஒட்டி வைத்தாள். மொத்தம் முப்பத்தெட்டு.

முடிந்ததும் வீட்டில் போட்டுக் காட்டினாள்.

"சூப்பர்" என்றார் கணவர்.

"கண்ணை மூடிக் கேட்டா பெரிய எடத்துப் பொம்பளை மாதிரி இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார்.

"எது நல்லா இருக்கு? எது நல்லா இல்ல?"

"எல்லாமே நல்லா இருக்கு."

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால் அதில் தகவலும் இல்லை. கண்ணாடி முன் நிற்பவரிடம் "உங்களுக்கு இது அருமையா இருக்கு" என்று சொல்லும் விற்பனைப் பெண்களை அவள் தினமும் பார்க்கிறாள். அவர்கள் அருமை என்று அனுப்பி வைத்ததைத்தான் அவள் மறுநாள் பிரித்துத் தைக்கிறாள்.

நிலையத்தார் ஒரு சலுகை வைத்திருந்தார்கள். கடைசி நாளுக்கு முன்னால் வரும் புதன்கிழமை நேரில் போனால் பத்து நிமிடம் கேட்டுக் கருத்துச் சொல்வார்கள். அது கணக்கில் சேராது. அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள்.

அவள் ஒரு பெரியவரை எதிர்பார்த்திருந்தாள். உள்ளே இருந்தது இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கழுத்தில் ஹெட்ஃபோன், கையில் பாதி கடித்த பென்சில். சுவர்களில் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். கதவு மூடியதும் அந்தப் பழகிய செவிட்டு அமைதி சூழ்ந்தது. அவளுக்குத் தன் அறைக்கே வந்துவிட்டதுபோல் கொஞ்சம் தைரியம் வந்தது.

"உக்காருங்கக்கா. இங்க ஒரு வழக்கம் இருக்கு, முதல்லயே சொல்லிடறேன்" என்றாள் அந்தப் பெண். "உங்க டெமோவைப் போடுவேன். உங்களைப் பார்க்க மாட்டேன், செவுத்தைப் பார்த்துதான் கேப்பேன். என் மனசு எப்ப வேற எங்கயாவது போகுதோ, அப்ப நிறுத்திடுவேன். அதுதான் கருத்து. மீதியெல்லாம் விளக்கம்."

"சரிங்க மேடம்."

"மேடம் எல்லாம் வேணாம். கேக்குற பொண்ணுன்னு சொல்லுவாங்க எல்லாரும், அதுவே போதும்."

அந்தப் பெண் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடை அறிவிப்பு முதலில் ஓடியது. சட்டைகள் இரண்டாவது மாடிக்கு ஏறின. குழந்தைகள் உடை நான்காவது மாடிக்கு ஏற ஆரம்பித்தது. அந்தப் பெண்ணின் விரல் இறங்கியது. அறை அமைதியானது.

"பத்தொன்பதாவது வினாடி" என்றாள் சுவரிடம்.

"என்ன ஆச்சும்மா?"

"மத்தியானம் என்ன சாப்பிடலாம்னு யோசிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பதா எழுந்து போவதா என்று தெரியவில்லை. அடுத்தது, தண்ணீர் எப்படி மேகமாகிறது என்கிற பாடம். ஆறாவது வினாடியில் நின்றது. மருத்துவமனைத் தொலைபேசிக் குரல், ஐந்தில். வங்கி அறிவுரை, நாலில். ஒவ்வொரு தடவையும் விரல் இறங்கும்போது அவள் உதடுகள் தாமாக இறுகின, நடுவில் ஊசி இருப்பதைப் போல.

கடைசியில் கதை வந்தது. நிலையத்தார் கொடுத்த பகுதிதான். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனுக்கு, அவனிடம் இரவல் வாங்கிய நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க, தம்பி அதைத் தலையில் சுமந்துகொண்டு ஊரைக் கடந்து போகிறான். "நாற்காலியைக் கீழே வைத்தான். கதவைத் தட்டவில்லை" என்று முடியும். பத்தியின் பின்பாதியை மட்டும் அவள் படித்திருந்தாள், இருபது வினாடி. விரல் இறங்கவே இல்லை. முடிந்ததும் அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சை விட்டாள்.

"இதுல நிறுத்தலையே" என்றாள் அவள், மெல்ல.

"நிறுத்தல. ஆனா மூச்சு முட்டுது. ஆமா, நீங்க எங்க மூச்சு விட்டீங்க?"

"வெட்டிட்டேன்."

"எதை?"

"மூச்சை."

"எல்லாத்தையுமா?"

"முப்பத்தெட்டு."

கேட்கிற பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதை இவள் பிற்பாடு பலமுறை நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

"ஒரு ஆள் ரெண்டு நிமிஷம் மூச்சே விடாம பேசினா, கேக்கறவங்களுக்கு என்ன ஆகும் தெரியுமாக்கா? காரணம் தெரியாது, ஆனா அவங்களும் கூடவே மூச்சைப் பிடிச்சுக்குவாங்க. ஒரு புத்தகம்னா ஏழு மணி நேரம். செத்துருவாங்க."

"அதைத் திரும்ப வச்சுட்டா சரியாயிடுமா?"

"அது ஒண்ணுதான் தப்புன்னா சரியாயிடும். இன்னொண்ணு இருக்கு, சொல்லவா?"

"சொல்லும்மா. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லிடு."

"முதல் நாலுலயும், மேகமானாலும் சரி, பேங்க்கானாலும் சரி, நீங்க ரெண்டாவது மாடியில சட்டை இருக்குன்னுதான் சொல்றீங்க."

கடிகாரத்தில் பத்து நிமிடம் முடியப்போனது. எழுந்திருக்கும்போது அவள் கேட்டாள்: "வெள்ளிக்கிழமை அனுப்பலாமா? இல்ல அடுத்த வருஷம் பார்க்கவா?"

"அதை நான் சொல்லக் கூடாதுக்கா. சொன்னா அது உங்க டெமோவா இருக்காது."

"குரல் நல்லா இருக்கான்னாவது..."

"குரல் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அந்தப் பெண், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. "இங்க வர்ற எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும்."

அன்று மாலை வீட்டில் நாத்தனார் குதித்தாள்.

"சாப்பாட்டைப் பத்தி யோசிச்சாளாமா? பசியோட உக்காந்து கேட்டா அப்படித்தான் இருக்கும்! நேத்துப் பொறந்தவ, அவளுக்கு என்ன தெரியும்? நீங்க பேசாம அப்படியே அனுப்புங்க அண்ணி. நான் சொல்றேன்ல?"

"நீ எல்லாமே நல்லா இருக்குன்னுதானே சொன்னே."

"ஆமா, இப்பவும் சொல்றேன்!"

"அதான் உன்கிட்ட மறுபடி கேக்கல."

நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கணவர் நடுவில் புகுந்து, "அந்த மூச்செல்லாம் வச்சிருக்கியே, அதைப் போடு கேப்போம்" என்றார்.

அவள் துண்டுத்துணிக் கோப்பைத் திறந்தாள். முப்பத்தெட்டு மூச்சும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நாலு மாடி ஏறினா நான் விடற மூச்சு மாதிரியே இருக்கு" என்றார் கணவர். "லிஃப்டை ரிப்பேர் பண்றவன் படியில ஏறணும்னு விதி."

நாத்தனாரே சிரித்துவிட்டாள். அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மூன்றாவது முறை போட்டபோது, கண்ணை மூடிக்கொண்டே, எது எந்த வாக்கியத்துக்கு முன்னால் வந்தது என்று சொல்ல முடிகிறதா என்று பார்த்தாள். முதல் இருபத்தொன்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. எதை எடுத்து எங்கே வைத்தாலும் பொருந்தும். கடைக்கும் மேகத்துக்கும் வங்கிக்கும் ஒரே மூச்சு. கேட்கிற பெண் சொன்னது சரிதான். ஒரு மூச்சுக்கூட மாடியை விட்டு இறங்கவில்லை.

கடைசி ஒன்பது வேறு. நாற்காலி கனத்தபோது எடுத்தது குட்டையாக, பாதியில் முறிந்திருந்தது. அண்ணன் வீட்டு விளக்கு தெரிகிற இடத்தில் எடுத்தது மேலே போய் நின்றுவிட்டது. "கதவைத் தட்டவில்லை" என்பதற்கு முன்னால் ஏறக்குறைய மூச்சே இல்லை, வாய் திறந்து மூடுகிற சத்தம் மட்டும். இவற்றை எடுக்க வேண்டும் என்று அவள் எடுக்கவில்லை. எடுத்ததே தெரியாது. சொல்லப் போவது என்ன என்பது வாய்க்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வேறெதற்கோ தெரிந்திருக்கிறது. அதை அவள் சுருக்கம் என்று நினைத்து வெட்டியிருக்கிறாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஒன்பதையும் பழைய இடங்களில் திரும்ப வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. ஓரங்களை அவ்வளவு நெருக்கமாக இழுத்துச் சேர்த்திருந்ததில், இரண்டு பக்கத்துச் சொற்களின் நுனியும் போயிருந்தன. வைத்த மூச்சு, பேசுகிறவளுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல் கேட்டது.

"விடு, கழுத்து வலிக்கப் போகுது" என்றார் கணவர். அவள் விட்டாள். கழுத்து ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது.

மறுநாள், வியாழக்கிழமை, கடையில் பருமனான ஒருவர் கால்சட்டையோடு வந்தார். வேறெங்கோ தைத்தது.

"கொஞ்சம் இடுப்பைத் தளர்த்திக் குடுங்கம்மா. துணி சுருங்கிடுச்சு."

சுருங்கியது துணி அல்ல என்பது இருவருக்கும் தெரியும். அவள் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெளியே தையல் முத்துமுத்தாக இருந்தது. உள்ளே, தளர்த்துவதற்கென்று அரை விரல் அகலத் துணிகூட விடவில்லை. ஒட்ட வெட்டியிருந்தார்கள். வாயிலிருந்த ஊசிகளை அவள் எடுத்தாள்.

"இதைப் பிரிச்சா ஒண்ணும் கெடைக்காது சார். உள்ள துணியே விடல. வெளிய பார்க்க அழகா இருக்கணும்னு ஒட்ட வெட்டிட்டாங்க. புதுசாத்தான் தைக்கணும்."

"புதுசாவா? இது ஒரு தடவைதான் போட்டேன்!"

"என்ன பண்றது சார். நானும் அப்படித்தான்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஊமை இவ்வளவு பேசியதே போதும் என்று கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக யாருடைய துணியையும் அவள் உள்ளே விடாமல் வெட்டியதில்லை. நாளைக்கு அந்த உடம்பு எப்படி மாறும் என்று நமக்குத் தெரியாது, விட்டு வைக்க வேண்டும் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். தன் குரல் என்று வந்தபோது மட்டும் வெளித்தையலைப் பார்த்திருக்கிறாள்.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள்: "அஞ்சும் வேணாங்க. கதையை மட்டும் அனுப்பப் போறேன். அந்தப் பத்தி முழுசும், ஒரே தடவையில. வெட்டு ஒட்டு எதுவும் கெடையாது."

"ரெண்டு நிமிஷம் தர்றாங்க, நீ ஒரு நிமிஷத்துக்கும் கொறைவா அனுப்பறே. ஒண்ணுதான் தெரியும்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

"ஒண்ணுதான் தெரியும்."

அவர் யோசித்தார். அவர் பாராட்டத் தெரிந்தவரே தவிர, விவாதிக்கத் தெரிந்தவர் அல்ல. ஆனால் ஒரு இயந்திரம் எங்கே சத்தம் போடும் என்பது அவருக்குத் தெரியும்.

"ஒரே தடவைன்னா லிஃப்ட் சத்தம் விழக் கூடாது. காலையில துடைக்கிறவங்க மேலயும் கீழயும் போவாங்க. முன்னாடியெல்லாம் அதையும் வெட்டிட்டே, இப்ப வெட்ட முடியாதே?"

"ஆமா."

"நான் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு, பழுது எதுவும் இல்லாத லிஃப்டின் வாசலில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையைத் தொங்கவிட்டு, அதன்கீழ் கைகட்டி நின்றார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அவர் தெரிந்தே வைத்த ஒரே பொய்ப் பலகை அது. மூன்றாவது மாடியில், அறைக்கு வெளியே, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமையிலிருந்து அவள் அண்ணியோடு அளந்துதான் பேசினாள். காவலுக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. துடைக்கிற அம்மா வாளியோடு வந்தபோது உதட்டில் விரலை வைத்து, "உள்ள ஊமை பேசிட்டிருக்கா, அப்புறம் வா" என்றாள்.

உள்ளே அவள் மின்விசிறியை நிறுத்தினாள். தாளைக் கண்மட்டத்துக்கு ஒரு துணி மாட்டியில் குத்தித் தொங்கவிட்டாள், குனிய வேண்டாம் என்று. இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினாள். இரண்டு தடவையும் சட்டைகள் இரண்டாவது மாடியில் இருந்தன, அவளுக்கே கேட்டது. மூன்றாவது தடவை அந்த அறிவிப்புக் குரல் வருவதற்கு முன்னால் அவள் நாற்காலியை நினைத்தாள். மரநாற்காலி. கால்கள் மேலே பார்த்திருக்க, இருக்கை தலையில் அழுந்த, பிடரியில் இறங்கும் கனம். கழுத்து வலி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படித்தாள். நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்று விட்டாள்.

ஐம்பத்திரண்டு வினாடி. திரையில் அந்தப் பட்டை சுருக்கம் சுருக்கமாகக் கிடந்தது. அவள் கை இரண்டு தடவை வெட்டும் இடத்துக்குப் போனது. அதை மடியில் வைத்துக்கொண்டாள். கடை திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள்.

கதவைத் திறந்தபோது நாத்தனார் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"எப்படி அண்ணி?"

"கேட்டியா?"

"கதவு வழியா கொஞ்சம்."

"எங்க மனசு வேற எடத்துக்குப் போச்சு?"

நாத்தனார் பொய் சொல்ல வாயைத் திறந்தாள். மூடினாள். "முதல்லயே போச்சு" என்றாள். "துடைக்கிறவ திரும்ப வந்துட்டாளோன்னு. அப்புறம் அந்தாள் கதவைத் தட்டலன்னதும் எனக்குக் கோவம் வந்துடுச்சு. அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்துட்டுத் தட்டாம நின்னா என்ன அர்த்தம்? சரியான முட்டாப் பய."

அவள் நாத்தனாரின் தோளில் கையை வைத்தாள். கீழே விளக்குகள் எரிய ஆரம்பித்தன. "வணக்கம்" என்றது கூரை, ஆறு வருஷத்துக்கு முந்தைய குரலில்.

பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. அவள் ஒரு கவுனின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது போனில் வந்தது. மரத்த விரல்களால் திறக்க முடியாமல் இடது கையால் திறந்தாள். நான்கே வரிகள்தாம். வாழ்த்து இல்லை, வருந்துகிறோம் என்பதும் இல்லை.

"நாற்பத்தொன்றாவது வினாடியில் நிறுத்தினேன். கடைசி இரண்டு வாக்கியத்தில் நீங்கள் எங்களை அழவைக்கப் பார்க்கிறீர்கள். அது தம்பியின் வேலை, உங்களுடையதல்ல. சின்னப் புத்தகம் ஒன்றின் முதல் அத்தியாயத்தைச் சோதனைக்குப் படிக்க வேண்டும், புதன்கிழமை வாருங்கள்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கடைசி இரண்டு வாக்கியத்தை மனதில் ஓட்டிப் பார்த்தாள். உண்மைதான். அழவைக்கத்தான் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் கணவர் போன் செய்தார். லிஃப்ட் குழிக்குள்ளிருந்து பேசுகிறார் என்று எதிரொலியிலேயே தெரிந்தது.

"தங்கச்சி சொன்னா, பதில் வந்துச்சாமே. செலக்ட் ஆயிட்டியா?"

வாயில் நான்கு ஊசிகள் இருந்தன. அவள் எல்லாவற்றையும் எடுத்து ஊசிப் பஞ்சில் குத்தினாள்.

"நாப்பத்தொண்ணு" என்றாள்.

"எதுக்கு? நூத்துக்கா?"

"அம்பத்திரண்டுக்கு."

அந்தப் பக்கம் கணக்குப் போடுவது கேட்டது. "பாஸ்தானே அது?"

"தெரியலங்க" என்றாள் அவள். "இன்னும் பதினோரு வினாடி இருக்கு. புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லணும்."